பீடி நூலால் கட்டிய கடைசிப் பக்கங்கள்

தங்கம் மதினி நூலைப் பல்லால் அறுக்கப் போகிறாள். இலை வெட்டுகிற கத்தரி கையிலேயே இருக்கிறது, ஆனாலும் பல்லால்தான், அதுதான் முறை, ஒவ்வொரு மாத நாவலுக்கும் கடைசிப் பதினாறு பக்கத்தை அவளே பீடி நூலால் இறுகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, அரிசி டிரம் மேலே வைத்துவிடுவாள், படிக்கிறவள் முந்திப் படித்துவிட்டால் குரலே காட்டிக்கொடுத்துவிடுமாம், அழுகை வரப்போவது தெரிந்தவளுக்கு முன்பக்கத்திலேயே தொண்டை கட்டிக்கொள்ளுமாம், அதனால் கேட்கிறவர்களுக்கு என்ன தெரியுமோ அதுதான் படிக்கிறவளுக்கும் தெரியவேண்டும், இந்த வீட்டுச் சட்டம் அது. முடிச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறாள். பார்க்காதே மதினி, அறு, அறுத்துத் தொலை. "ஏட்டி முப்பிடாதி, இது என் முடிச்சு மாதிரி இல்லயே?" "உங்க முடிச்சு இல்லாம, கலெக்டர் வந்து போட்டுட்டா போனாரு?" என்று சொல்லிவிட்டு உடனே டிவி செய்தி வாசிக்கிற பொம்பளைக் குரலுக்கு ஏறிவிட்டேன், "இன்றைய முக்கியச் செய்திகள், கீழத்தெருவில் முடிச்சு மாயம், தனிப்படை விரைவு," பேச்சி சித்தி சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த தட்டு குலுங்கிப் புகையிலைத் தூள் பறந்தது, தும்மல், "எளவெடுத்த மூதி, தூளைச் சிந்த வைக்காதட்டி," மதினியும் சிரித்துவிட்டாள், அறுத்துவிட்டாள், அப்பாடா. ஆள் சிரிக்கும்போது விசாரணை நடக்காது, இதை நான் மூணாம் வகுப்பிலேயே கண்டுபிடித்தேன். காலையில் மதினி குழாயடிக்குப் போன ஏழு நிமிடத்தில் அரிசி டிரம்முக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பதினாறு பக்கத்தையும் முழுங்கியவள் நான்தான், திரும்பக் கட்டினதும் நான்தான், பீடி சுற்றுகிற வீட்டில் பிறந்தவளுக்கு முடிச்சா வராது, வந்தது, ஒரு சுற்றுக் கூடுதலாக வந்துவிட்டது, அவ்வளவுதான். வேறு எந்த மாசமும் நான் இப்படிச் செய்ததில்லை. இந்த மாசம் எனக்கு முடிவு தெரிந்தாக வேண்டியிருந்தது, ஏனென்றால் போன சனிக்கிழமை நான் ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறேன், அதன் வினை இன்றைக்கு நாலு மணிக்கு வெடிக்கப்போகிறது, இப்போது மணி மூணு, நான் புத்தகத்தை விரிக்கிறேன், ஆவுடை அக்கா என்னைப் பார்க்கவே இல்லை, இலையைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.

"விக்ராந்தின் தாடை இறுகியது," என்று என் வாய் படிக்கிறது. என் வாய்க்கு நான் தேவையில்லை, அது பாட்டுக்குப் படிக்கும், நான் பின்னால் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருப்பேன். வேர்வைக்கு வேறு காரணமும் உண்டு, ஃபேன் போட்டால் தூள் பறக்கும், இலை காய்ந்து வெடிக்கும், அதனால் சித்திரை மாசத்திலும் இந்த அறையில் மூணு ரெக்கையும் சும்மா தொங்கும். மூணு பேர் சுற்றுவார்கள், நான் படிப்பேன், படிப்புக்குப் பதிலாக ஆளுக்கு ரெண்டு கட்டு அம்மாவின் தட்டில் விழும், அம்மாவுக்குத் தோள்பட்டை வலி வந்ததிலிருந்து இதுதான் ஏற்பாடு. "விக்ராந்தின் சாம்பல் நிறக் கண்களில் தீப்பொறி பறந்தது." "சாம்பக் கண்ணு பூனைக்குல்லாட்டி இருக்கும்," என்கிறாள் பேச்சி சித்தி, நூறு பக்கமாக இதையேதான் சொல்கிறாள், "பதினோரு ஃபேக்டரி வச்சிருக்கான்னியே, ஒரு ஃபேக்டரிக்காவது போறானா? எந்நேரமும் இவ பின்னாலயே திரியுதான்." "நீ எங்கே போனாலும் என் நிழல் உன்னைத் தொடரும், மிருணாளினி!" இதை நான் பரமசிவன் குரலில் சொல்கிறேன். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. முதல் அத்தியாயத்தில் இந்த விக்ராந்துக்கு எந்தக் குரல் போடலாம் என்று தேடினேன், கண்டக்டர் குரல் இளகல், எங்கள் பிஸிக்ஸ் சார் குரலில் காதல் செய்தால் கதாநாயகி நோட்டு எடுத்துவிடுவாள், அப்போதுதான் பீடிக்கடை செக்கர் பரமசிவன் ஞாபகம் வந்தார், தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லை உருட்டின குரல், வரிசையில் நிற்கிற நாற்பது பொம்பளைகளில் ஒருத்தியையும் பேர் சொல்லிக் கூப்பிடாத மனுஷன், பாஸ்புத்தக நம்பர்தான், "இருவத்தொண்ணு, நுனி மடிப்பு சரியில்ல, கழிவு! முப்பத்தேழு, ரெண்டு கட்டு கழிவு, தள்ளி நில்லு!" கழிவு என்று தள்ளின கட்டைப் பிரித்து, நல்லது கெட்டது பொறுக்கி, திரும்பக் கட்டி முடிக்கும்வரை ஓரமாக நிற்கவேண்டும், அந்த மனுஷனை வையாத வாய் இந்தத் தெருவில் கிடையாது. அந்தக் குரலில் "மிருணாளினி" என்றதும் மதினி சுவரில் சாய்ந்து சிரித்தாள், பேச்சி சித்திக்குக் கண்ணில் தண்ணீர், "பொண்ணு பாக்கப் போனாலும் கழிவு போட்டுட்டு வாறவன், அதான் முப்பத்தாறு வயசிலயும் தனியா கெடக்கான்." ஆவுடை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் விரல் நின்றது. ஆயிரம் பீடியை மதியத்துக்குள் முடிக்கிற விரல், என் பிறப்பிலிருந்து நிற்காத விரல், ஒரு இலையைப் பாதி சுருட்டினபடி அப்படியே நின்றது, பிறகு ஓடியது. நான் பார்த்தேன். பார்த்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்தவள் இல்லை நான்.

"மிருணாளினியின் இமைகள் படபடத்தன," படபடக்கட்டும், படபடக்கட்டும், பக்கம் நிறையட்டும், நாலு மணி தள்ளிப்போகட்டும். கூடப் படிக்கிற ரிஸ்வானா போனிலிருந்துதான் ஆவுடை அக்காவைக் கூப்பிட்டேன், அக்காவுக்குத் தெரியாத நம்பர். திட்டம் ரொம்பச் சின்னது, சாமி சத்தியமாக, "ஆவுடை, நான் பரமசிவன் பேசுதேன், உன் பீடியில நூறு கழிவு, மாத்திக் கொண்டா," அவ்வளவுதான், அவள் பதறுவாள், நான் ஆட்டுக்குட்டி மாதிரி மே என்று கத்திவிட்டு வைத்துவிடுவேன். ஆனால் "ஆவுடை, நான் பரமசிவன் பேசுதேன்" வரைக்கும் சரியாக வந்தது, அதற்குப் பிறகு வாய் வழுக்கிவிட்டது, தொண்ணூறு பக்கம் காதல் வசனம் படித்த வாய் அல்லவா, அது பாட்டுக்கு, "எட்டு வருசமா உன் பீடியைக் கழிக்கேன், உன்னைக் கழிக்க முடியலயே," என்றது! எனக்கே புல்லரித்தது! எந்த நாவலிலும் இல்லாத வரி, நானாகச் செய்தது! அந்தப் பக்கம் கத்தரி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நின்றது. மே என்று கத்தவேண்டும், இப்போது கத்தவேண்டும், கத்தவில்லை. அக்கா சொன்னாள், "செவ்வாக்கிழமை நாலு மணிக்குக் கடைக்கு வருவேன். சொல்ல வேண்டியதை நேர்ல சொல்லும்." வைத்துவிட்டாள். இன்றைக்குச் செவ்வாய். அவள் பச்சைச் சேலை கட்டியிருக்கிறாள். தூள் ஒட்டும் என்று தீபாவளிச் சேலையைப் பெட்டியை விட்டே எடுக்காதவள்.

படி, படி, நிறுத்தாதே, "சோவென்று மழை கொட்டியது," மழை வந்துவிட்டது என்றால் இன்னும் பத்துப் பக்கம்தான், மழையில்லாமல் எந்த நாவலும் முடியாது, மழைக்குப் பிறகு காய்ச்சல், காய்ச்சலுக்குப் பிறகு நெற்றியில் கை, எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் தங்கம் மதினி வாயைத் திறந்துகொண்டு கேட்கிறாள். ஒரு நாள் கேட்டேன், "சேந்துருவாங்கன்னு அட்டையிலயே படம் போட்ருக்கான், பெறவு என்னத்துக்கு மதினி இப்படிக் கேக்கீங்க?" அதற்குப் பேச்சி சித்தி, "கோயில் கொடையில சாமி வரும்னு தெரியாதா? தெரியும்லா? அதுக்காக மேளம் அடிக்காம வா வான்னா வந்துருமா?" மேளம்! நான்தான் மேளம்! அன்றைக்கு ராஜமேளம் போல முழக்கி முழக்கிப் படித்தேன். அடிக்க அடிக்க ஏறவேண்டும், இதோ வந்துவிட்டது என்கிற இடத்தில் ஒரு தட்டுத் தட்டிக் கீழே இறக்க வேண்டும், அவன் சொல்ல வாயெடுக்கும்போது அவனுடைய அத்தை காப்பியோடு வரவேண்டும், மதினி அத்தையை வைய வேண்டும். பிறகு இந்தக் கத்திரிக்காய். எந்த நாவலில் கதாநாயகன் வைரத்தோடு வருகிறானோ அதில் மதினி கொட்டாவி விடுவாள், எதில் கதாநாயகிக்குக் கத்திரிக்காய் ஆகாது என்று ஞாபகம் வைத்து ஒதுக்கி வைக்கிறானோ அதில், "கவனிச்சிருக்கான் பாரு," என்று மூக்கைச் சிந்துவாள், மதினியின் புருஷனுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகியும் மதினிக்கு எது பிடிக்கும் என்று தெரியாது, அது வேறு கதை. பங்குனியில் நான் ஒரு விளையாட்டு விளையாடினேன், கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்ததை விட்டுவிட்டு, "எதிரே வந்த லாரி…" என்று கதாநாயகனை அடித்துக் கொன்றுவிட்டேன், ப்ரேக் சத்தம், ஹாரன், எல்லாம் அசல். ரெண்டு நாள் என்னோடு யாரும் பேசவில்லை, பேச்சி சித்தி அம்மா தட்டில் போட்ட ரெண்டு கட்டையும் திரும்ப எடுத்துக்கொண்டாள், "நாங்க பாக்காத சாவையா நீ காட்டுத?" என்றாள். ஆவுடை அக்கா மட்டும் மெதுவாக, "செத்தது கூடப் பரவால்லட்டி. சொல்ல வந்ததைச் சொல்லாம செத்தான் பாரு. அதான் ஆகல," என்றாள். அப்பா போன பிறகு ரெண்டு தங்கச்சிகளை இதே தட்டை மடியில் வைத்துக் கட்டிக்கொடுத்தவள், முப்பத்து நாலு வயது, அவளைக் கேட்டு வந்தவர்கள் எல்லாம் பாதி வார்த்தையோடு திரும்பிப் போனவர்கள், மீதி வார்த்தையை யாரும் சொல்லவில்லை, இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்தும்தான் ரிஸ்வானாவிடம் போன் வாங்கினேன், கோட்டிக்காரி, கோட்டிக்காரி.

நாலு மணிக்கு என்ன நடக்கும் என்று எனக்குப் படமாகத் தெரிகிறது, நாற்பது பொம்பளைகள் வரிசையில், பச்சைச் சேலை முன்னால் போய் நிற்கும், "சொல்லும்," பரமசிவன் பீடிக்கட்டிலிருந்து தலையை நிமிர்த்துவார், "என்னத்தச் சொல்ல? முப்பத்தேழு, தள்ளி நில்லு, ரெண்டு கட்டு கழிவு." பிறகு நாற்பது பேரும் சிரிக்கிற சிரிப்பு. அது பாவூர்சத்திரம் வரைக்கும் கேட்கும், அவள் சாகும்வரை கேட்கும், கிழவியானாலும் "பச்சைச் சேலை ஆவுடை" என்று பேர் சொல்லும், அந்தச் சிரிப்பில் ஒவ்வொருத்தி குரலும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும், எல்லாவற்றையும் நான் சிரித்துக் காட்டுவேன், ஆனால் மாட்டேன், இனிமேல் மாட்டேன், முப்பிடாதி அம்மா, என் பேர்க்காரச் சாமியே, இந்த ஒரு தடவை காப்பாத்து. அதனால்தான் காலையில் முடிவைத் திறந்தேன், விக்ராந்த் நல்லபடியாக ஏதாவது செய்தால் அதைப் பிடித்துக்கொண்டு நானும் ஏதாவது செய்யலாம் என்று. அவன் என்ன செய்கிறான் தெரியுமா? காய்ச்சலில் கிடக்கிறவளைத் தூக்கிக் காரில் போட்டுக் கோயிலுக்குக் கொண்டுபோய், அவள் கண் விழிக்கும்போது கழுத்தில் தாலி! கெட்டிமேளம்! சுபம்! நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அவன் அவளை ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. புரட்டிப் புரட்டித் தேடினேன், உத்தரவு இருக்கிறது, சபதம் இருக்கிறது, உறுமல் பதினேழு இடத்தில் இருக்கிறது, அவன் வாயில் ஒரே ஒரு கேள்வி கிடையாது. மேளம் அடித்து அடித்துச் சாமியை வரவழைத்துவிட்டு, குறி கேட்காமல் அனுப்பின மாதிரி. இதை இந்த அறையில் நான் படிக்கவேண்டுமா, கையைப் பிடித்து "என்ன சொல்லுத?" என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று பச்சைச் சேலையில் உட்கார்ந்திருக்கிறவள் முன்னால்?

மூணே முக்கால். இதோ காய்ச்சல் பக்கம். என் வாய் நின்றுவிட்டது, முதல் தடவையாக அதற்கு நான் தேவைப்படுகிறேன். "என்னட்டி, எழுத்து அழிஞ்சிருக்கா?" இல்லை மதினி. படிக்கிறேன். "அப்போது… அடுத்த வீட்டுப் பெண்… ரீட்டா… மூச்சிரைக்க ஓடி வந்தாள்." பேச்சி சித்தியின் கத்தரி நிற்கிறது, "யாருட்டி இவ? நூறு பக்கத்துக்கு அப்புறம் புதுசா ஒருத்தி வாறா?" "வாறா சித்தி, எழுதியிருக்கான்." "எழுதுனவனுக்கு வெவரம் கெடையாதா?" "கேளுங்க. 'மிருணாளினி அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள். அன்றைக்கு உங்களுக்கு வந்த போன் விக்ராந்த் பண்ணியது அல்ல. அவரைப் போலவே பேசி நான்தான் விளையாடினேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. தயவுசெய்து அவரிடம் போய் நிற்காதீர்கள், அக்கா.'" ரீட்டாவுக்குப் போட எனக்கு ஒரு குரலும் அகப்படவில்லை, இருநூறு குரல் வைத்திருக்கிறேன், ஒன்றுகூட, தொண்டை கட்டிக்கொண்டது, மதினி சொன்னது சரிதான், முந்திப் படித்தவளுக்குக் கட்டத்தான் செய்யும். தங்கம் மதினி கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். வெளியே தண்ணீர் லாரி போகிறது. ஆவுடை அக்கா ஒரு பீடியின் நுனியை மடக்கி, நூலைச் சுற்றி, அறுத்து, தட்டில் வைத்து, தலையைத் தூக்காமலே கேட்கிறாள், "அந்தப் பிள்ளைக்கு என்ன பேருன்ன? ரீட்டாவா, முப்பிடாதியா?"

செத்தேன். தரை பிளக்கவில்லை. "தெரியுமாக்கா?" "ஆவுடைன்னு கூப்பிட்டல்லா, அப்பவே தெரியும். எட்டு வருசத்துல அவுக என்னைப் பேர் சொன்னதே இல்ல. முப்பத்தேழும்பாவ." அவுக! பேச்சி சித்தி வாயைப் பொத்திக்கொள்கிறாள், பொத்தின கை நிறையத் தூள். "பெறவு எதுக்குக்கா செவ்வாக்கிழமை வாரேன்னீங்க?" "மூணு நாளு நீ வேகணும்லா, அதுக்குத்தான்." என்னை! என்னையே! சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று என் மூக்கு வழியாக வருகிறது, "அப்போ பச்சைச் சேலை?" அக்கா இன்னொரு இலையை எடுத்தாள், விரலால் நீவினாள், ஓட்டையே இல்லாத இலை, எங்களுக்கெல்லாம் கடையிலிருந்து கட்டுக்குப் பாதி பூச்சி தின்ற இலை வரும், அவளுக்கு மட்டும் பட்டுப்போல, ஆவுடைக்கு இலை ராசி என்று தெருவே சொல்லும். "நேத்துக் கடைக்குப் போனேன்லா. வழக்கம்போல ரெண்டு கட்டு கழிவுன்னாவ, எல்லாரும் போற வரைக்கும் ஓரமா நின்னு பொறுக்குனேன். பெறவு கேட்டேன், சனிக்கிழமை எனக்கு நீரு போன் பண்ணுனீரான்னு. இல்லையேன்னாவ." தங்கம் மதினி, "ஐயோ," என்கிறாள். "ஏன் பண்ணலன்னு கேட்டேன்."

ஏன் பண்ணல. ஏன் பண்ணல என்று கேட்டிருக்கிறாள். எந்த மிருணாளினிக்கு வந்தது இது, எந்தப் பக்கத்தில் இருக்கிறது, இமை படபடக்காமல், மழை பெய்யாமல், பீடிக்கடையில் நின்றுகொண்டு, எனக்கு உடம்பெல்லாம் கொடை மேளம், "சொல்லுட்டி சொல்லு," என்று பேச்சி சித்தி முழங்காலால் நகர்ந்து வருகிறாள், "கையில இருந்த கட்டைக் கீழ போட்டுட்டாவ சித்தி. இருவத்தஞ்சு பீடியும் செதறிப்போச்சு. ரெண்டு பேரும் பொறுக்குனோம். ஒண்ணக்கூடக் கழிக்கல." "ஏளா, அப்போ அவன் பொறுக்கிப் போட்ட இலைதானா, இலை ராசின்னது!" "ஆமா சித்தி. தினமும் ரெண்டு கட்டு கழிவும் அதுக்குத்தானாம், அப்பத்தான் கடைசி வரைக்கும் நிப்பேன்னு. எட்டு வருசக் கழிவுக்கும் சேத்து வைச்சு வஞ்சேன்." "பெறவு? பெறவு?" இதைக் கேட்டது நான். "பெறவு, பண்ணட்டான்னு கேட்டாவ. நாளைக்கு நாலு மணிக்குச் சொல்லுதேன்னு வந்துட்டேன்." கேட்டிருக்கிறார்! தகர டப்பா கேட்டிருக்கிறது! "பண்ணட்டா" என்று மனசுக்குள் அந்தக் குரலில் சொல்லிப் பார்க்கிறேன், வரவில்லை, கூழாங்கல் உருளமாட்டேன் என்கிறது, கட்டைக் கீழே போட்ட பிறகு அந்த மனுஷன் குரல் எப்படி இருந்திருக்கும், அதை நான் கேட்டதே இல்லையே, யாருமே கேட்டதில்லை, முப்பத்தேழைத் தவிர. "சரி, மீதியைப் படிட்டி," என்கிறாள் அக்கா, ஒன்றும் நடக்காத மாதிரி, "அந்த விக்ராந்து கேக்கானா இல்லையா?" நான் பக்கத்தைப் பார்க்கிறேன், காரில் போடுகிறான், கெட்டிமேளம், சுபம். புத்தகத்தை மூடினேன். "கேக்கான்க்கா. கட்டில் ஓரமா உக்காந்து, 'உனக்குச் சம்மதமா, மிருணாளினி?'ங்கான்." வெறும் என் குரலில்தான் சொன்னேன், வேறு எது வந்தது. தங்கம் மதினிக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டது, முடிச்சு உட்பட, ஆனாலும் சண்டைக்கு வரவில்லை, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அவ என்ன பதில் சொன்னா?" என்றாள், என்னைப் பார்த்து இல்லை. ஆவுடை அக்கா எழுந்தாள். மடியைத் தட்டினாள், பச்சையிலிருந்து தூள் உதிர்ந்தது, தட்டை இடுப்பில் ஏற்றினாள்.

"இருங்க மதினி. போய்ச் சொல்லிட்டு வாரேன்."